மரக்கட்டை வீடு: நம்ம கடற்கரைக்கு ஒத்து வருமா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் பிரிவு)



சிவில் பிரிவில் சேர்ந்த அன்றைக்கே நம் வீட்டில் நாம் பாதி இன்ஜினியர் ஆகி விடுகிறோம். எத்தனை அரியர் என்று யாரும் கேட்பதில்லை. "மாடிப்படி சரியா இருக்கா பாரு", "செப்டிக் டேங்க் எங்க வைக்கலாம் சொல்லு" என்றுதான் கேட்கிறார்கள். அந்த வரிசையில் இப்போது இன்னொரு கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது. "ஏம்பா, வெளிநாட்டுல மரக்கட்டையை அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வீடு கட்டுறாங்களே, அந்த மாதிரி நம்ம பக்கம் கட்ட முடியாதா?" கேட்கிறவர் செல்போனில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பனி மலை, பைன் மரம், புகைபோக்கி, நடுவில் ஒரு மர வீடு. முன்பு மளிகைக் கடை காலண்டரில் தொங்கிய அதே படம்தான்! கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில விடுதிகளும் தோட்டத்துக்குள் மரக்குடில் போட்டு வைத்திருக்கின்றன. பார்த்தவர்களுக்கு ஆசை இன்னும் கூடுகிறது.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கேள்வி நம்மிடம் வரும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்? நம்மில் பாதிப் பேர் "அதெல்லாம் இங்க சரிப்படாது மாமா, கான்க்ரீட் போட்டுடுங்க" என்று முடித்து விடுகிறோம். மீதிப் பேர் "கட்டலாமே!" என்று இன்டர்நெட்டில் கிடைத்த பிளானை அனுப்பி வைக்கிறோம். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நம் கடற்கரையில் மர வீடு தாராளமாகக் கட்டலாம். ஆனால் மரத்தை அடுக்கிச் சுவர் எழுப்பக் கூடாது. மரம் கூரையில் இருக்க வேண்டும், அதன் காலடியில் கல் இருக்க வேண்டும். ஏன் என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில், இந்த மரக்கட்டை வீடு எந்த ஊர்ச் சரக்கு? பின்லாந்து, சுவீடன், ரஷ்யா, அப்புறம் அங்கேயிருந்து ஆட்கள் குடியேறிய அமெரிக்கா. அங்கே பைன் மரம் கம்பு மாதிரி நேராக, ஒரே பருமனாக, காடு காடாக வளர்கிறது. கோடாரி ஒன்று இருந்தால் போதும். இரண்டு முனையிலும் வாய் வெட்டி, மூலையில் ஒன்றுக்கொன்று கவ்வ வைத்து அடுக்கிக் கொண்டே போகலாம். ஆணிகூட அதிகம் வேண்டாம். முதலாமாண்டு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு துண்டு மரத்தைக் கொடுத்து ஹாவிங் ஜாயின்ட் போடச் சொன்னார்களே, நாமும் செதுக்கித் தள்ளி, மார்க் வாங்கினதும் மூலையில் வீசினோமே... அந்த ஜாயின்ட்டேதான், அளவு பெரியது, அவ்வளவுதான். குளிருக்கும் அது நல்ல சுவர். செங்கல்லை விட மரத்தில் வெப்பம் கடப்பது ஐந்தாறு மடங்கு குறைவு. உள்ளே அடுப்பு எரிந்தால் சூடு வெளியே போகாது.

ரஷ்யாவில் ஓனேகா ஏரித் தீவான கிஷியில் 1714-ல் கட்டிய ஒரு தேவாலயம் இருக்கிறது. 37 மீட்டர் உயரம், 22 கோபுரக் குமிழ்கள், முழுக்க மரக்கட்டை அடுக்கியே கட்டியது. 1990-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். இதைச் சொன்னால் உடனே "பாத்தியா, முந்நூறு வருஷம் நிக்குதே!" என்பார்கள். நிற்கிறது, சரி. எப்படி நிற்கிறது தெரியுமா? கட்டைகள் கெட்டுப் போய், மேல் பகுதியை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தி, கீழ் அடுக்கிலிருந்து பகுதி பகுதியாகப் பிரித்து, கெட்டதை மாற்றி, திரும்ப அடுக்கினார்கள். 2020-ல்தான் அந்த வேலை முடிந்தது. வருடத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கிற ஊரிலேயே இந்தப் பாடு!

நம் நாட்டிலும் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. காஷ்மீரின் குரேஸ் பள்ளத்தாக்கில் மரக்கட்டை வீடுகள் இருக்கின்றன. இமாச்சலத்தில் ஒரு வரிசை தேவதாரு, ஒரு வரிசை கல் என்று சாந்து இல்லாமல் மாற்றி மாற்றி அடுக்கும் காத்குனி முறை இருக்கிறது. நில நடுக்கத்தில் கொஞ்சம் ஆடிக் கொடுத்து நிற்கும். எல்லாம் குளிர்ப் பிரதேசம், எல்லாம் ஊசியிலை மரம் வளரும் இடம். நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் என்ன இருக்கிறது? சவுக்கு, பனை, வேம்பு, பூவரசு. இதில் எதை அடுக்குவது?

இங்கே என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. பட்டிபுலம் பக்கம், சாலைக்கு மேற்கே ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கிறார். பதினாலு வருடச் சேமிப்பு. போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு பிரசுரத்தை என் கையில் கொடுத்தார். இறக்குமதி பைன் மரக்கட்டை, நம்பர் போட்டு வரும், பெட்டியைப் பிரித்து அடுக்கினால் வீடு ரெடி, கரையான் தொடாது, பராமரிப்பே வேண்டாம் என்று போட்டிருந்தது. "டேய், நீ சிவில்தானே படிக்கிற? இருபதுக்குப் பதினஞ்சுல ஒரு ஹால் மட்டும் முதல்ல போடலாம்னு இருக்கேன். எவ்வளவு மரம் ஆகும், பாத்து சொல்லு" என்றார்.

கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 15 அடி என்றால் சுற்றளவு 70 அடி. மூலைகளில் கட்டை வெளியே நீட்ட வேண்டும், அதற்கு ஒரு வரிசைக்கு 8 அடி சேர்த்தால் 78 அடி. 8 அங்குல விட்டமுள்ள கட்டையை அடுக்கினால் ஒன்பதடி உயரத்துக்குக் குறைந்தது 14 வரிசை. ஒன்றின் மேல் ஒன்று உட்காரப் பள்ளம் எடுத்தால் இன்னொரு வரிசையும் கேட்கும். 14 வரிசைக்கே 1,092 அடி நீளம், கன அளவில் சுமார் 380 கன அடி. சுவருக்கு மட்டும்! கதவு ஜன்னலுக்குக் கழித்தாலும், வெட்டுச் சேதாரம் அதைச் சாப்பிட்டு விடும். இதே ஹாலுக்குப் பத்துத் தூண், சுற்று உத்திரம், இருபது கைமரம், முகட்டு வளை, ரீப்பர் என்று மரச்சட்டமாக நிறுத்தினால் 70 கன அடிக்குள் முடிந்து விடுகிறது. ஒரு மரக்கட்டை வீட்டின் சுவருக்கு ஆகும் மரத்தில் ஐந்து மரச்சட்ட வீடு நிறுத்தலாம். பசுமை, இயற்கை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு தடவை பார்க்கட்டும்.

"காசு ஆனா ஆகட்டும்டா, நல்லா இருக்குமா?" இது சித்தப்பாவின் அடுத்த கேள்வி. இதற்குத்தான் மரம் என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மரம் காயும்போது சுருங்கும் என்பது தெரிந்ததுதான். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். தூண் நிற்கும் வாக்கில் மரம் நீளவாக்கு, அதனால் தூண் குட்டையாவதில்லை. அடுக்கின கட்டையிலோ ஒவ்வொன்றும் படுத்துக் கிடக்கிறது, எல்லாக் கட்டையும் குறுக்கே சுருங்குகிறது. பச்சைக் கட்டையாக இருந்தால் அடிக்கு அரை முதல் முக்கால் அங்குலம் சுவர் கீழே உட்காரும். ஒன்பதடிச் சுவர் நாலரை அங்குலத்துக்குக் குறையாமல் இறங்கும் என்று அர்த்தம்! அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் ஜன்னலுக்கு மேலே வெற்றிடம் விட்டுப் பலகையால் மறைக்கிறார்கள். நடுத் தூணுக்கு அடியில் திருகு ஜாக்கி வைத்துச் சுவர் இறங்க இறங்கத் தூணையும் இறக்குகிறார்கள். இந்த வேலை தெரியாத மேஸ்திரி நம்மூர் வழக்கப்படி ஜன்னல் சட்டத்தை இறுக்கமாக மாட்டினால் என்ன ஆகும்? சட்டம் சுமையைத் தாங்கும், ஜன்னல் திறக்காது, மேல் கட்டைக்கும் கீழ் கட்டைக்கும் நடுவில் இடைவெளி விழும்.

சுருங்கும்போது உருண்டை மரம் வெடிக்கவும் செய்யும். வெடிப்பு கீழ்ப் பக்கம் விழுந்தால் பரவாயில்லை. மேல் பக்கம் விழுந்தால் அது மழைத் தண்ணீர் நிற்கும் வாய்க்கால். வெளிநாட்டுப் படத்தில் பனி விழுகிறது; நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை கடலிலிருந்து காற்றோடு சாய்ந்து வந்து சுவரில் அடிக்கும். உருண்டைக் கட்டையின் மேல் வளைவிலும், இரண்டு கட்டை சேரும் பொருத்திலும், வெடிப்பிலும் தண்ணீர் தங்கும். மரத்தின் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிழைக்காது, முப்பதைத் தொட்டால் அதற்குக் கொண்டாட்டம்.

இந்த இடத்தில் நம் கடற்கரையின் சொந்த மரக்கட்டை வேலையை நினைத்துப் பாருங்கள். கட்டுமரம்! உலகத்துக்கே அந்த வார்த்தையைக் கொடுத்தது நம் கரைதான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகளே கரையை நிறைத்து விட்டன. ஆனாலும் மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவநேரிக் குப்பத்தில் பழைய கட்டுமரக்காரர் ஒருவரிடம் பேசிக் கொண்டிருந்தேன். "தாத்தா, உப்புத் தண்ணியிலேயே கிடக்குற மரம் எப்படி இத்தனை வருஷம் தாங்குச்சு?" என்று கேட்டேன். "எங்கப்பா கிடந்தது? கரைக்கு வந்ததும் கயித்த அவுத்துடுவோம்ல. கட்டை கட்டையா பிரிச்சு மணல்ல போட்டுடுவோம். வெயில்ல காயும். மறுநாள் திரும்பக் கட்டுவோம்" என்றார்.

நண்பர்களே, நம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் இரண்டு பக்கம் படித்ததை அந்தப் பெரியவர் நாலு வரியில் சொல்லி விட்டார். மரம் நனையலாம், ஆனால் நனைந்தது காய வேண்டும். கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப் போடலாம். வீட்டுச் சுவரை அவிழ்க்க முடியுமா? ஒன்பதடிச் சுவரில் கீழிருந்து மூன்றாவது கட்டை ஊறிப் போனால், அதை வெளியே எடுக்க மேலே உள்ள பதினொன்றையும் அசைக்க வேண்டும். கிஷியில் செய்த வேலை அதுதான். தூண் வைத்த வீட்டில் ஒரு தூண் கெட்டால் பக்கத்தில் முட்டுக் கொடுத்து அந்த ஒன்றை மட்டும் மாற்றி விடலாம்.

அடுத்தது கரையான். இறக்குமதி பைன் இலேசான, வெளுத்த மரம். அதில் இயற்கையாக விஷச் சத்து கிடையாது. மருந்து ஏற்றித்தான் ஆக வேண்டும். போரான் மருந்து மனிதருக்குக் கேடு குறைவு, ஆனால் மழையில் கரைந்து போகும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து கரையாமல் நிற்கும். அதை வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம் என்று அமெரிக்காவில் 2003-ஓடு நிறுத்தி விட்டார்கள். ஆர்சனிக் ஏற்றிய சுவரில் சாய்ந்து குழந்தைகள் விளையாட வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலே, அடி வரிசைக் கட்டை மண்ணுக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்திருக்கிறது. எழுபது அடி நீளத்துக்கும் கரையானுக்கு வாசல்! நாங்கள் டிரெயினிங் போனபோது பார்த்த ஒரு விடுதியின் குடிலில் (பெயர் வேண்டாம்) வெளியே வார்னிஷ் பளபளவென்று இருந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தினேன், அடிக்கட்டை பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. கட்டி ஆறு வருடம்தான் என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்.

நம் பல்லவ ராஜாக்களுக்கு இது ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாகக் கல்வெட்டிலேயே வெட்டி வைத்தான். அதற்கு முன்பு கோயில்களில் என்னென்ன பொருள்கள் இருந்தன என்பதற்கு இதுவே சாட்சி. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை அடுத்த தடவை போகும்போது சிவில் கண்ணோடு பாருங்கள். திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரைக் குடிசை. பீம ரதம் வளைந்த கூரை போட்ட நீளக் கூடம். கூரை ஓரத்தில் வரிசையாக இருக்கிற கூடு என்னும் வளைவுகள் மரத்தை வளைத்து, கூரை வேய்ந்த வேலையின் ஜாடை. மரத்தச்சன் வேலையைத்தான் கல்தச்சன் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறான். அந்த மர வீடுகளில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. கல்லில் செதுக்கிய படம் மட்டும் நிற்கிறது. கல்லே இந்த உப்புக் காற்றில் படுகிற பாட்டுக்குக் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள், சிற்பங்களின் முகமெல்லாம் அரித்துப் போயிருக்கிறது.

இதுவரை படித்தவர்கள், "அப்போ மரமே வேண்டாம், கான்க்ரீட்தான்னு நாங்க அப்பவே சொன்னோமே!" என்று சிரிக்கலாம். அவசரப்பட வேண்டாம். முட்டுக்காட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

முட்டுக்காட்டில், நம் கடற்கரைச் சாலையிலேயே, தட்சிணசித்ரா இருக்கிறது. 1996 டிசம்பரில் திறந்தது. சென்னை கைவினை அறக்கட்டளை நடத்துவது. வளாகத்தின் ஆரம்ப அமைப்பு லாரி பேக்கருடையது. தென்னாட்டில் இடிக்க இருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒன்று கோட்டயத்துக்குப் பக்கத்தில் புதுப்பள்ளியில் 1850 வாக்கில் கட்டிய சிரியன் கிறிஸ்துவர் வீடு. முழுக்க மரம்! பலகைச் சுவர், பலகை மச்சு, பலகையால் கட்டிய நெல் அறை. நம்மை விட இரண்டு மடங்குக்கு மேல் மழை பெய்கிற ஊரில் நூற்றைம்பது வருடம் நின்று, பிரித்து வந்து, நம் உப்புக் காற்றிலும் கால் நூற்றாண்டாக நிற்கிறது.

எப்படி? கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். மரம் மண்ணைத் தொடவில்லை, கல் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுக் கூரை செங்குத்தாக இறங்கி, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கிறது. மழை சுவரைத் தொடுவதற்கு முன்னால் தாழ்வாரம் அதைத் தடுத்து விடும். மரம் வைரம் பாய்ந்த தேக்கு, பலா வகை. சுவர்கூட அடுக்கின கட்டை இல்லை, சட்டத்துக்குள் செருகிய பலகை. பலகை சுருங்கினாலும் சட்டத்துக்குள்ளேயே நகர்ந்து கொள்ளும், வீடு உட்காராது. ஜாயின்ட் எல்லாம் துளையும் நாக்கும் ஆப்பும். அதனால்தான் பிரித்துக் கொண்டு வர முடிந்தது. ஒரு ஆர்.சி.சி. வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்ற முடியுமா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையும் இதே பள்ளிக்கூடம்தான். நிர்வாகம் கேரள அரசு, நிலம் நம் தமிழ்நாடு. ஆகவே மரத்துக்கும் மழைக்கும் பகை என்று யாரும் சொல்ல வேண்டாம். தச்சன் மரத்தை எங்கே வைத்தான் என்பதுதான் விஷயம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பிளான் ஓகே" என்று சொல்லுகிற பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தின்படி சென்னைக் கடற்கரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம்: சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். இதில் முக்கால் பங்கு கூரையை மேலே இழுத்தாலே 1,125. மங்களூர் ஓடும் ரீப்பரும் சேர்ந்த எடை சுமார் 640. ஆக, கூரை கட்டிப் போடாவிட்டால் ஓடு பறக்கும், எடை அதைப் பிடித்து வைக்காது. 2016 வர்தாவில் மரங்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. கூரையிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும் இரும்புப் பட்டையும் போல்ட்டும் தொடர்ச்சியாகப் போக வேண்டும். சாதா இரும்பு இந்தக் காற்றில் நாலைந்து வருடத்தில் பொடிப் பொடியாகும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததோ, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகோதான் போட வேண்டும். அடுக்குக் கட்டைச் சுவரிலும் மேலிருந்து கீழ்வரை கம்பி விட்டு இறுக்கலாம். ஆனால் சுவர் உட்கார உட்கார நட்டு தளர்ந்து போகும், வருடா வருடம் இறுக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பாவா வந்து ஸ்பேனர் பிடிப்பார்?

சரி, நான் போட்டுக் கொடுத்த பிளான் இதுதான். தரையிலிருந்து இரண்டடி உயரக் கருங்கல் பீடம். நம் மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமா? பீடத்துக்கு மேலே ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கல் காலணி. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் உலோகத் தகடு. கரையான் ஏறினால் மண் கோடு வெளியே தெரிய வேண்டும், அதற்குத்தான் தகடு. தகட்டை மறைத்துப் பூசி விட்டால் பிரயோசனமில்லை. அடி மண்ணுக்கு ஐ.எஸ். 6313 சொல்கிறபடி கரையான் மருந்து. பத்துத் தூண், நடுவில் செங்கல் சுவர், வடக்கிலும் தெற்கிலும் பெரிய ஜன்னல். மேலே ஓட்டுக் கூரை, நாலு பக்கமும் மூன்றடி தாழ்வாரம். அது காற்றுக்கு அதிகமாக இழுபடும் என்பதால் ஓரத்தில் ஒன்று விட்டு ஒரு ஓட்டைக் கம்பியால் கட்ட வேண்டும். கிழக்கே திண்ணை. மரம் எல்லாம் தலைக்கு மேலே, அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு பொருத்தும் கண்ணுக்குத் தெரியும். மச்சு போட்டு மறைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்து விட்டேன். மறைத்தால் ஒழுகினது தெரியாது.

எந்த மரம்? திருக்கழுக்குன்றம் பக்கத்து ஆசாரி ஒருவரைக் கேட்டேன். பனைதான் முதலில் சொன்னார். "கெழட்டுப் பனையா இருக்கணும் தம்பி. மேல கருப்பா இருக்குறதுதான் மரம், உள்ள இருக்குறது சோறு. சோத்த செதுக்கிப் போட்டுட்டுக் கையா இழைச்சா உன் பேரன் காலம் வரைக்கும் இருக்கும்" என்றார். பனைமரம் உருண்டையாக அடுக்க ஏன் உதவாது என்பதும் இதிலேயே வந்து விடுகிறது, நடுவெல்லாம் சோறு! ஆனால் பனை இன்று நினைத்தால் வெட்டக் கூடியதில்லை. நம் மாநில மரம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். இடிக்கிற பழைய வீட்டுப் பனங்கைகளை மரவாடியில் தேடினால் கிடைக்கும். சவுக்கு நம் மண்ணில் எங்கும் இருக்கிறது. ரயில் எஞ்சினுக்கு விறகாக 19-ம் நூற்றாண்டில் இந்தக் கரையில் தோப்பு தோப்பாக வளர்த்த மரம், இன்று காகித ஆலைக்கும் கட்டட சாரத்துக்கும் போகிறது. பலமுள்ளது, ஆனால் வெடிக்கும், முறுக்கும், கரையானுக்கும் பிடிக்கும். மருந்து ஏற்றி, திண்ணைப் பந்தலுக்கும் மாற்றக் கூடிய கைகளுக்கும் வைத்துக் கொள்ளலாம், தூணுக்கு வேண்டாம். தூணுக்கு வைரம் பாய்ந்த வேம்பு, இல்லாவிட்டால் பழைய தேக்கு.

அனுமதி விஷயத்தில் ஒரு வதந்தி உலவுகிறது. "மரத்துல கட்டினா டெம்பரவரி, பர்மிஷன் வேணாம்." இதை நம்பி யாரும் மாட்டிக் கொள்ள வேண்டாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-ல் வந்த சட்டத் திருத்தம் அது. கட்டுமானம் என்று வந்து விட்டால் கல்லா மரமா என்று சட்டம் கேட்பதில்லை.

இத்தனையும் நான் ஏன் எழுதுகிறேன்? நாம் ஐ.எஸ். 456-ஐயும் ஐ.எஸ். 800-ஐயும் தலைகீழாக மனப்பாடம் செய்கிறோம். மரத்துக்கும் ஐ.எஸ். 883 என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மத்திய பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரம் கூடாது என்று நிறுத்தியது. அந்தத் தடை 2020-ல் போய் விட்டது. தடை நீங்கியது, ஆனால் இடையில் போன தலைமுறையில் மரத்தைத் தொட்ட ஜூனியர் இன்ஜினியர் அருகிப் போனார். ஆசாரிகளின் பிள்ளைகள் மாடுலர் கிச்சனுக்குப் பிளைவுட் அறுக்கப் போய் விட்டார்கள். இந்த நிலைமையில் பளபளப்பான பிரசுரத்தோடு ஒருத்தர் வந்து பதினாலு வருடச் சேமிப்பைக் கேட்டால், வேண்டாம் என்று காரணத்தோடு சொல்ல யார் இருக்கிறார்கள்? டிப்ளமோக்காரன் சொல்ல வேண்டும். சைட்டில் முதலில் நிற்பவன் அவன்தானே.

சித்தப்பா இன்னும் முழு மனதாக ஒத்துக் கொள்ளவில்லை. "படத்துல இருக்குற மாதிரி இல்லையேடா" என்று குறைப்பட்டுக் கொண்டேதான் இருக்கிறார். முட்டுக்காட்டு வீட்டின் கூரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பதிலுக்கு, தாழ்வாரத்தின் கீழ் ஊஞ்சல் மாட்ட உத்திரம் தாங்குமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆண்டு டூருக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று பட்டியல் போடுவதற்கு முன், ஒரே ஒரு நாள் காலையில் முட்டுக்காடு, மதியம் ஐந்து ரதம், சாயங்காலம் தேவநேரிக் குப்பம் என்று அமைப்பியல் பிரிவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். போக வரப் பஸ் கட்டணம் பெரிய தொகை இல்லை. ஒர்க்‌ஷாப் சாரிடமும் கேட்டிருக்கிறேன்: இந்த வருடம் முதலாமாண்டு செய்யும் ஜாயின்ட்களை மூலையில் வீசாமல், ஆறடிக்கு நாலடியில் ஒரு கூரைச் சட்டமாக மாட்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மழையில் நிறுத்தி வைக்கலாமா என்று. ஒரு பாதிக்குத் தாழ்வாரம், ஒரு பாதிக்கு இல்லாமல். அடுத்த ஆண்டு மலரில் அதன் படத்தைப் போடலாம். சார் "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.